வசனம் முதலா, அட்டை முதலா, முடிவு முதலா? பழைய அறிபுனைக் காமிக்ஸ்களில் எதிலிருந்து தொடங்குவது

சிறுவயதில் முத்து காமிக்ஸில் 'இரும்புக்கை மாயாவி'யைப் படித்துவிட்டு, நடுவயதில் மீண்டும் சித்திரக்கதைகளின் பக்கம் திரும்பும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான். ஒரே நாயகனைப் பின்தொடரும் தொடர்களைப் போதுமான அளவு படித்தாயிற்று, இனி ஒவ்வோர் இதழிலும் நான்கைந்து பக்கங்களுக்குள் தொடங்கி முடிந்துவிடும் தனிக்கதைகளைக் கொண்ட பழைய அறிபுனை (அறிவியல் புனைகதை) தொகுப்பிதழ்களைப் படிக்க வேண்டும், ஆனால் எல்லாவற்றையும் வாங்கப் பணமும் இல்லை, அலமாரியில் இடமும் இல்லை, எதிலிருந்து தொடங்குவது?

இந்தக் கேள்விக்கு மூன்று விடைகள் வழக்கமாகச் சொல்லப்படுகின்றன. முதலாவது, அமெரிக்காவின் இ.சி. நிறுவனம் 1950 முதல் வெளியிட்ட 'வியர்டு சயின்ஸ்', 'வியர்டு ஃபேண்டஸி' என்ற இரட்டை இதழ்கள். இரண்டாவது, அதே ஆண்டில் டி.சி. நிறுவனம் தொடங்கிய 'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்', அதற்கு அடுத்த ஆண்டில் வந்த 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்'. மூன்றாவது, பிரிட்டனின் '2000 ஏடி' வார இதழில் 1977 முதல் வந்த 'ஃபியூச்சர் ஷாக்ஸ்' என்ற குறுங்கதைகள். மூன்றுமே ஆங்கிலத்தில்தான் படிக்கக் கிடைக்கின்றன என்பதையும், மூன்றிலும் நல்ல கதைகளும் சலிப்பூட்டும் கதைகளும் கலந்தே இருக்கின்றன என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எதை வைத்து அளப்பது

ஓவியம் அழகா, கதை நன்றாக இருக்கிறதா என்ற இரண்டு கேள்விகளோடு நிறுத்திக்கொண்டால் இந்த ஒப்பீடு ரசனைச் சண்டையாக முடிந்துவிடும். எனக்கு உதவிய அளவுகோல் வேறு. ஒரு கதை உருவான வரிசையில் எது முதலில் பிறந்தது என்று பார்ப்பதே அது. இ.சி.யில் வசனமே முதலில் பிறந்தது. எழுத்துகள் ஏறிய பலகை அதன் பிறகுதான் ஓவியர் கைக்குப் போனது. டி.சி.யில் பல கதைகளுக்கு அட்டைப்படம் முதலில் பிறந்தது. அட்டையில் நடக்கும் விபரீதத்தை விளக்குவதற்காகக் கதை எழுதப்பட்டது. ஃபியூச்சர் ஷாக்ஸைப் பொறுத்தவரை, கடைசிக் கட்டத்தில் வரவேண்டிய திருப்பமே முதலில் பிறந்திருக்க வேண்டும் என்பது படித்தாலே புரியும். இந்த வரிசை தெரிந்துவிட்டால், எந்த இதழ் உங்களுக்கு எதைத் தரும், எதைத் தராது என்பதில் பாதி விளங்கிவிடும்.

இதனுடன் வேறு நான்கு அளவுகோல்களையும் சேர்த்துக்கொள்கிறேன். முடிவு தெரிந்த பிறகும் கதையை இரண்டாம் முறை படிக்க முடிகிறதா என்பது ஒன்று. திருப்பத்தை மட்டும் நம்பிய கதை ஒரே வாசிப்பில் தீர்ந்துபோகும். காலம் அதை எவ்வளவு அரித்திருக்கிறது என்பது இரண்டாவது. வீட்டிலுள்ள பிள்ளைகள் எடுத்துப் படித்தால் பரவாயில்லையா என்பது மூன்றாவது. புத்தக விலைக்கு வெளியே ஒளிந்திருக்கும் செலவு நான்காவது. அது எப்போதும் பணமாகவே இருப்பதில்லை.

இ.சி.: வசனம் முதலில்

தந்தை மேக்ஸ் கெய்ன்ஸ் 1947-இல் படகு விபத்தில் இறந்ததும், விருப்பமில்லாமல் நிறுவனத்தை ஏற்றுக்கொண்டவர் வில்லியம் கெய்ன்ஸ். தூக்கம் வராத இரவுகளில் மலிவுப் பதிப்புக் கதை இதழ்களைப் படித்து, கதைக்கருக்களைத் துண்டுத் தாள்களில் குறித்துவைத்து, காலையில் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டீனிடம் ஒவ்வொன்றாகச் சொல்வார். ஒரு கரு பிடித்துவிட்டால் ஃபெல்ட்ஸ்டீன் அதே நாளில் ஓவியப் பலகையின் மீதே நேரடியாக வசனத்தை எழுதிவிடுவார். பிறகு அச்சுக் கருவியால் பொறித்ததுபோன்ற சீரான எழுத்துகள் பலகையில் ஏற்றப்படும். ஓவியர் வந்து சேரும்போது பக்கத்தின் பெரும்பகுதி எழுத்தால் நிரம்பியிருக்கும். மிச்சமிருந்த இடத்தில் அவர் வரைந்தாக வேண்டும்.

இதன் விளைவை எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் காணலாம். கட்டத்தின் மேற்பாதியில் ஐந்தாறு வரி விவரணை. அதன் கீழே, அந்த விவரணை சொன்னதையே செய்துகொண்டிருக்கும் மனிதர். படம் காட்டுவதை எழுத்தும் சொல்வது முதல் பத்துப் பக்கங்களில் எரிச்சல் தருகிறது. ஆனால் இந்த நெருக்கடியே ஓவியர்களைக் கூர்மைப்படுத்தியது என்று எனக்குத் தோன்றுகிறது. வாலி வுட் வரைந்த விண்கலத்தின் உட்புறத்தை அருகில் வைத்துப் பாருங்கள்: குழாய்கள், திருகுகள், முள் நடுங்கும் அளவுமானிகள், ஒரு பக்கத்து விளக்கொளியில் பாதி முகம், மறுபாதி கறுப்பு. வசனத்துக்குக் கீழே எஞ்சிய நான்கு விரற்கடை இடத்தில் இவ்வளவும் இருக்கின்றன. அல் வில்லியம்சனும் ஃபிராங்க் ஃப்ரஸெட்டாவும் வரைந்த வேற்றுலகக் காடுகள் இதற்கு நேர்மாறான நளினம் கொண்டவை.

கதைகளின் தரத்தை இரண்டு சம்பவங்கள் வழியாகச் சொல்கிறேன். 1952-இல் வந்த 'ஹோம் டு ஸ்டே' என்ற கதையில், அறிபுனை எழுத்தாளர் ரே பிராட்பரியின் இரண்டு சிறுகதைகளைக் கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் அனுமதி பெறாமல் ஒன்றாகப் பின்னியிருந்தார்கள். பிராட்பரி வழக்குப் போடவில்லை. தமது இரண்டு கதைகளைப் பயன்படுத்தியதற்கான 50 டாலரை அனுப்ப மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது என்று மிகுந்த நயத்துடன் ஒரு கடிதம் எழுதினார். பணம் போய்ச் சேர்ந்தது. அதன்பின் அவர் கதைகள் முறைப்படி, அவர் பெயருடனேயே வரத் தொடங்கின. மனிதரெல்லாம் அழிந்த பிறகும் காலைச் சிற்றுண்டி தயாரித்துக்கொண்டிருக்கும் தானியங்கி வீட்டின் கதை அப்படி வந்ததுதான். வுட் வரைந்த அந்தக் கதையில் உயிருள்ள மனிதர் ஒருவர்கூட இல்லை. அணுகுண்டின் வெளிச்சத்தில் கருகிய சுவரில் ஒரு குடும்பத்தின் நிழல் மட்டும் பதிந்திருக்கிறது. சோவியத் ஒன்றியம் அணுகுண்டைச் சோதித்து நான்கு ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் பத்து சென்ட் இதழொன்றில் இது வந்தது.

மற்றொன்று 'ஜட்ஜ்மென்ட் டே'. முடிவைச் சொல்லாமல் இதைப் பற்றி எழுத முடியாது. தெரிந்துகொள்ள விரும்பாதவர்கள் அடுத்த தலைப்புக்குப் போய்விடலாம். இயந்திர மனிதர்கள் மட்டுமே வாழும் ஓர் உலகத்துக்கு, அதை விண்மீன் குடியரசில் சேர்க்கலாமா என்று ஆராயப் பூமியிலிருந்து டார்ல்டன் என்ற ஆய்வாளர் வருகிறார். முழு விண்ணுடை, முகம் தெரியாத தலைக்கவசம். ஆரஞ்சு நிற இயந்திரர்கள் பெருமையுடன் ஊரைச் சுற்றிக் காட்டுகிறார்கள். நீல நிற இயந்திரர்கள் ஊரின் மறுபக்கத்தில் தனியே இருக்கிறார்கள். வண்டியில் பின் இருக்கைகளில் உட்காருகிறார்கள். உள்ளுறுப்புகள் இரு நிறத்தாருக்கும் ஒன்றே; மேலுறையும் பின்னால் ஊட்டப்படும் பாடமும் மட்டுமே வேறு. நீங்கள் இன்னும் தகுதி பெறவில்லை, பூமியும் ஒரு காலத்தில் இப்படித்தான் இருந்தது என்று சொல்லிவிட்டு டார்ல்டன் கலத்துக்குத் திரும்புகிறார். கடைசிக் கட்டத்தில் கவசத்தைக் கழற்றுகிறார். அவர் ஒரு கறுப்பர். கருவிகளின் ஒளியில் அவர் நெற்றி வியர்வை தொலைதூர விண்மீன்களைப் போல் மினுங்குகிறது.

ஜோ ஆர்லாண்டோ வரைந்த இந்த ஏழு பக்கக் கதை 1953-இல் வந்தபோது தடையேதும் எழவில்லை. 1954-இல் காமிக்ஸ் தணிக்கை அமைப்பு உருவான பின், வேறொரு கதை நிராகரிக்கப்பட்டு அதன் இடத்தை நிரப்ப இதை மறுபதிப்புச் செய்ய முயன்றபோதுதான் சிக்கல் வந்தது. விண்வெளி வீரர் கறுப்பராக இருக்கக் கூடாது என்று தணிக்கைத் தலைவர் நீதிபதி சார்ல்ஸ் மர்ஃபி சொன்னார். வியர்வைத் துளிகளையாவது எடுத்துவிடுங்கள் என்று பிறகு கேட்டதாக ஃபெல்ட்ஸ்டீன் நினைவுகூர்ந்திருக்கிறார். கெய்ன்ஸ் இரண்டுக்கும் இணங்கவில்லை. கதை மாற்றமின்றி 1956-இன் தொடக்கத் தேதியிட்ட 'இன்க்ரெடிபிள் சயின்ஸ் ஃபிக்‌ஷன்' 33-ஆம் இதழில் வெளிவந்தது. இ.சி. வெளியிட்ட கடைசி காமிக்ஸ் இதழ் அதுவே. அதன்பின் நிறுவனத்தில் 'மேட்' நகைச்சுவை இதழ்தான் முக்கியமாக மிஞ்சியது. முடிவு தெரிந்தும் இந்தக் கதையை நான் பலமுறை படித்திருக்கிறேன். ஏனென்றால் இரண்டாம் வாசிப்பில், கவசத்துக்குள் இருப்பவர் யார் என்று தெரிந்தே அந்தப் பின் இருக்கைகளை அவருடன் சேர்ந்து பார்க்கிறோம்.

குறைகளும் கனமானவை. பெண்கள் பெரும்பாலும் பேராசைக்காரிகளாகவோ பரிசுப் பொருள்களாகவோ வருகிறார்கள். கதைசொல்லியே வேற்றுலகவாசி என்று கடைசிக் கட்டத்தில் தெரிவது போன்ற திருப்பங்கள் அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வருகின்றன. செவ்வாயில் மூச்சு விடலாம். கொடூரமும் உண்டு, பத்து வயதுப் பிள்ளையிடம் கொடுக்க மாட்டேன்.

பழைய பிரதிகளைத் தேடுபவருக்கு ஒரு பொறி காத்திருக்கிறது. புதிய இதழுக்கு அஞ்சல் சலுகை உரிமம் பெறுவதற்கான கட்டணத்தை மிச்சப்படுத்த, நின்றுபோன காதல் இதழ்களின் எண்ணைத் தொடர்ந்து, 'வியர்டு சயின்ஸ்' 12-ஆம் எண்ணிலும் 'வியர்டு ஃபேண்டஸி' 13-ஆம் எண்ணிலும் பிறந்தன. பிறகு எண்கள் சரிசெய்யப்பட்டதால், 'வியர்டு ஃபேண்டஸி' 13 என்ற பெயரில் 1950-இல் வந்த முதல் இதழும் உண்டு, 1952-இல் பிராட்பரி கதையுடன் வந்த இதழும் உண்டு. 13 முதல் 17 வரை எல்லா எண்களும் இரண்டு முறை வருகின்றன. ஆண்டைக் கேட்காமல் எண்ணை மட்டும் நம்பிப் பணம் அனுப்பினால் விரும்பிய கதை வீடு வந்து சேராது.

டி.சி.: அட்டை முதலில்

இங்கே ஆசிரியர் ஜூலியஸ் ஷ்வார்ட்ஸ். காமிக்ஸுக்கு வருமுன் அறிபுனை எழுத்தாளர்களின் முகவராக இருந்தவர். பிராட்பரிக்குப் பணம் பெற்றுத்தந்த முதல் கதையை 1941-இல் விற்றவரும் இவர்தான். எட்மண்ட் ஹாமில்டன், ஓட்டோ பைண்டர் போன்ற கதை இதழ் எழுத்தாளர்களைக் காமிக்ஸுக்கும் எழுதவைத்தார். இவ்வளவு இலக்கியத் தொடர்பு உள்ளவர் கதையை எழுத்தாளரிடமிருந்து தொடங்குவார் என்றே நாம் எதிர்பார்ப்போம். அவரோ ஓர் அட்டையைக் கற்பனை செய்து அல்லது வரையச் செய்து, இதற்கு ஒரு கதை கொண்டுவாருங்கள் என்று கார்டனர் ஃபாக்ஸையோ ஜான் புரூமையோ கேட்பார்.

'ஸ்ட்ரேஞ்ச் அட்வென்ச்சர்ஸ்' எட்டாம் இதழின் அட்டை இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. கூண்டுக்குள் ஒரு கொரில்லா நிற்கிறது. கையில் சிலேட்டு. தான் ஒரு பயங்கரமான விஞ்ஞானச் சோதனைக்குப் பலியானவன், தயவுசெய்து நம்பு என்று கூண்டுக்கு வெளியே நிற்கும் பெண்ணுக்கு அதில் எழுதிக் காட்டுகிறது. 1951-இல் இந்த இதழ் நன்றாக விற்றது, அதன்பின் டி.சி. அட்டைகளில் கொரில்லாக்கள் பெருகின. சிரிப்பு வந்தாலும், கடையில் தொங்கும் இந்த அட்டையைப் பார்த்த சிறுவன் உள்ளே புரட்டாமல் போயிருக்க மாட்டான் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்டையிலிருந்து பின்னோக்கிக் கட்டப்பட்ட கதையில் இன்பம் வேறு வகையானது. இது எப்படிச் சாத்தியம் என்ற புதிருக்கு ஆறேழு பக்கங்களில் ஒரு விடை கிடைக்கிறது. பள்ளிப் பாடத்தில் படித்த ஓர் அறிவியல் உண்மையைக் கொண்டு நாயகன் வேற்றுலகப் படையை முறியடிப்பது வாடிக்கை. இதன் உச்சம் 1959-இல் 'மிஸ்டரி இன் ஸ்பேஸ்' 53-ஆம் இதழிலிருந்து இடம்பெற்ற ஆடம் ஸ்ட்ரேஞ்ச். ஆல்ஃபா சென்டாரியின் ரான் உலகத்திலிருந்து ஏவப்படும் ஸீட்டா கதிர் ஒளியின் வேகத்தில் நான்கு ஆண்டுகளுக்கு மேல் பயணம் செய்து பூமியில் எங்கே, எந்த நொடியில் விழும் என்று கணக்குப் போட்டு, அந்த இடத்தில் போய் நின்றால்தான் அது அவரை ரானிலுள்ள காதலியிடம் கொண்டுபோகும். கார்மைன் இன்ஃபன்டினோ வரைந்த அகன்ற அடிவானங்களும் மர்ஃபி ஆண்டர்சனின் மைத் துல்லியமும் சேர்ந்த பக்கங்களில் காற்றோட்டம் இருக்கிறது. இ.சி.யின் நெருக்கத்திலிருந்து வருபவருக்கு மூச்சு விட்டதுபோல் இருக்கும். ஆனால் கறாராகப் பார்த்தால் இது தொடர் நாயகன் கதைதான். தனிக்கதை வேண்டும் என்று வந்தவர் 1950-களின் இதழ்களிலேயே தங்க வேண்டும்.

அச்சம் இங்கே இல்லை. தணிக்கைக்கு முன்பும் டி.சி. அடக்கமாகவே நடந்துகொண்டது, பின்பு இன்னும் அடங்கியது. மூன்றாம் உலகப் போருக்குப் பிந்தைய பாழ்நிலத்தைச் சொல்லும் 'அடாமிக் நைட்ஸ்' கதைகளில்கூட மனிதர்கள் சவரம் செய்த முகத்துடன், ஒழுங்காக நடந்துகொள்கிறார்கள். 1960-இல் எழுதிய அந்தக் கதையில் உலகம் அழிந்த ஆண்டு 1986. அந்த ஆண்டைக் கடந்து வந்த நமக்கு அதைப் படிப்பதில் எழுதியவர் எண்ணாத ஒரு சுவை கூடியிருக்கிறது. இரண்டாம் வாசிப்புக்கு இவை பெரும்பாலும் தாங்குவதில்லை. விடை தெரிந்த புதிரை யாரும் மறுபடி போடுவதில்லை. மற்றொரு குறை, அக்காலக் கதைகளில் எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் பெரும்பாலும் அச்சாகவில்லை என்பது. பிடித்த கையைத் தொடர்ந்து செல்ல விரும்புபவர், மறுபதிப்பின் பொருளடக்கத்தில் பெயர்கள் தரப்பட்டிருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒன்பது, பத்து வயதுப் பிள்ளையுடன் சேர்ந்து படிக்க இந்த மூன்றில் இதுவே ஏற்றது. கொரில்லா போதும், அவர்கள் பிடித்துக்கொள்வார்கள்.

2000 ஏடி: முடிவு முதலில்

நம் ஊர் வாசகருக்கு உண்மையில் இதுவே கிட்டத்து உறவு. இரும்புக்கை மாயாவி முதலில் வந்த 'வேலியண்ட்' வார இதழை வெளியிட்ட அதே பிரிட்டிஷ் குடும்பத்திலிருந்துதான் 1977 பிப்ரவரியில் '2000 ஏடி' பிறந்தது. பேட் மில்ஸ் உருவாக்கிய இந்த இதழின் ஆசிரியர் தார்க் என்ற வேற்றுலகவாசி என்பது இதழின் நிரந்தர நகைச்சுவை. வார இதழ் ஒவ்வொன்றுக்கும் 'புரோக்' என்று பெயர். அதே ஆண்டு ஆகஸ்டில், 25-ஆம் புரோக்கில், ஸ்டீவ் மூர் தொடங்கிவைத்த ஃபியூச்சர் ஷாக்ஸ் கதைகள் பெரும்பாலும் இரண்டு முதல் ஐந்து பக்கங்கள். தொடர்கதைகளுக்கு நடுவே இடத்தை நிரப்பவும், புதியவர்களைச் சோதித்துப் பார்க்கவும் இவை பயன்பட்டன. ஆலன் மூர், பீட்டர் மில்லிகன், கிராண்ட் மாரிசன், நீல் கெய்மன் ஆகியோர் பெயர் பெறுமுன் இங்கே எழுதியவர்கள்.

நான்கு பக்கம் என்பது எவ்வளவு குறைவு என்பதை எழுதிப் பார்த்தவர்கள் அறிவார்கள். முதல் பக்கத்தில் உலகத்தை நிறுவ வேண்டும். கடைசிக் கட்டத்தில் அதைக் கவிழ்க்க வேண்டும். நடுவில் இரண்டே பக்கங்கள். பெரும்பாலான கதைகள் நல்ல துணுக்கு அளவில் நின்றுவிடுகின்றன; பிரிட்டிஷ் கிண்டலும் 1980-களின் உள்ளூர்க் குறிப்புகளும் புரியாமல் சில நழுவிப்போகும். ஆனால் ஆலன் மூரின் 'தி ரிவர்சிபிள் மேன்' போன்ற ஒன்று இந்த வடிவத்தின் எல்லையைக் காட்டிவிடுகிறது. 1983-இல் 'டைம் ட்விஸ்டர்ஸ்' என்ற இதன் கிளைத் தலைப்பில் வந்த இக்கதையில் சாதாரண மனிதர் ஒருவரின் வாழ்க்கை மரணத்தில் தொடங்கிப் பின்னோக்கி ஓடுகிறது. மனைவியைச் சந்திக்கும் நாள், அவளை அறியாதவனாகப் பிரியும் நாளாகிறது. விண்கலமும் இல்லை, வேற்றுலகமும் இல்லை; திருப்பம்கூட இல்லை, ஏனெனில் முடிவு முதல் கட்டத்திலேயே நடந்துவிட்டது. திருப்பத்தை நம்பி வாழும் ஒரு தொடரில், திருப்பத்தைத் தூக்கி முன்னால் வைத்துவிட்டு எழுதிய கதையே இரண்டாம் வாசிப்புக்கும் மூன்றாம் வாசிப்புக்கும் தாங்குகிறது என்பதை நான் தற்செயல் என்று நினைக்கவில்லை. டேவ் கிப்பன்ஸ் வரைந்த 'குரோனோகாப்ஸ்' வேறு வகை: காலப்பயணம் செய்யும் இரண்டு காவலர்களின் கதை, முதல் வாசிப்பில் பின்னணியில் போகிற போக்கில் கடந்துபோகும் ஆட்கள் யாரென்று கடைசியில்தான் தெரிவதால் உடனே முன்பக்கத்துக்குத் திரும்ப வைக்கும்.

எழுதியவர், வரைந்தவர் பெயர்களைக் கதையோடு அச்சிடும் வழக்கத்தைப் பிரிட்டிஷ் வார இதழ்களில் நிலைநிறுத்தியது '2000 ஏடி'தான் என்பதால், ஒருவரைப் பிடித்துப்போனால் அவரைத் தொடர்வது எளிது. கறுப்பு வெள்ளையில் வரையப்பட்டவை என்பதால் மறுபதிப்பில் வண்ணம் கெட்டுப்போகும் கவலையும் குறைவு. பதின்ம வயதினருக்குத் தரலாம். அதற்குக் கீழே வேண்டாம்.

கணக்கில் எடுக்காதவை

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1961–62-இல் 'அமேசிங் அடல்ட் ஃபேண்டஸி'யில் தந்த ஐந்து பக்கக் கதைகளை விரும்பியே விட்டுவிட்டேன். டிட்கோவின் வியர்த்து வழியும் முகங்கள் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்த இதழை இன்று எல்லோரும் தேடுவது, பெயரில் 'அடல்ட்' நீங்கிய 15-ஆம் இதழில் ஸ்பைடர்மேன் அறிமுகமானதற்காகவே. பிரான்ஸின் 'மெட்டல் உர்லான்' 1974-இல் தொடங்கிய தனி உலகம். அது வயது வந்தோருக்கானது, அங்கே கதையைவிடக் காட்சியே ஆட்சி செய்கிறது. தொடக்கக்காரரின் கேள்விக்கு அது விடையாகாது.

எந்தப் பதிப்பில் வாங்குவது

இதழைத் தேர்ந்தெடுப்பதைவிடப் பதிப்பைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் பணத்தை இழக்கிறார்கள்.

| பதிப்பு | நன்மை | ஒளிந்திருக்கும் செலவு |
|---|---|---|
| மூலப் பிரதி | பழைய தாள், விளம்பரங்கள், வாசகர் கடிதங்கள் | பழுப்பேறி உதிரும் தாள், நம் ஈரக்காற்று, எண் குழப்பம், படிக்கக் கை நடுங்கும் விலை |
| வண்ணக் கெட்டி அட்டைத் தொகுதி | இதழ்கள் வரிசையாக, முழுமையாக | எடை, அஞ்சல் செலவு. கணினியில் புதிதாகத் தீட்டிய வண்ணம் |
| கறுப்பு வெள்ளைத் தொகுதி | மைக்கோடு தெளிவாகத் தெரியும் | வண்ணத்துக்காக விடப்பட்ட இடங்கள் வெறுமையாகத் தோன்றும் |
| மின்பதிப்பு | அலமாரியும் சுங்கமும் தேவையில்லை | கைபேசித் திரையில் இ.சி.யின் சிற்றெழுத்து |

இ.சி.க்கு இரண்டு வழிகள் உண்டு. டார்க் ஹார்ஸ் வெளியிடும் 'இ.சி. ஆர்கைவ்ஸ்' தொகுதிகளில் தலா ஆறு இதழ்கள், அதாவது 24 கதைகள், வண்ணத்தில் இருக்கின்றன. மேரி செவரின் முதலில் தீட்டிய வண்ணங்களை வழிகாட்டியாகக் கொண்டாலும், கணினி வண்ணத்தின் வழுவழுப்பு சில பக்கங்களில் வுட்டின் மைக்கோட்டை அமுக்கிவிடுகிறது. ஃபேன்டாகிராஃபிக்ஸ் நிறுவனம் 2012 முதல் ஓவியர் வாரியாகக் கறுப்பு வெள்ளையில் வெளியிட்ட தொகுதிகளில் அந்தக் குறை இல்லை; பிராட்பரி கதைகளை மட்டும் தனியாகத் திரட்டிய தொகுதியும் அவர்களிடம் உண்டு. ஓவியத்துக்காகப் படிப்பவர் இரண்டாவதையும், ஓர் இதழை அந்தக் கால வாசகர் எப்படிப் படித்தாரோ அப்படிப் படிக்க விரும்புபவர் முதலாவதையும் எடுக்கலாம்.

டி.சி.க்கு 'ஷோகேஸ் பிரசன்ட்ஸ்' வரிசையில் வந்த ஐந்நூறு பக்க அளவிலான கறுப்பு வெள்ளைத் தொகுதிகள் நல்ல பேரம். இன்று அவற்றைப் பழைய பிரதியாகத்தான் தேட வேண்டும். தாள் மலிவானது, ஆனால் மூல இதழின் தாளும் மலிவானதுதான். 2000 ஏடியின் இன்றைய உரிமையாளரான ரெபெல்லியன் தன் கடையிலேயே மின்பதிப்புகளை நேரடியாக விற்கிறது. பதிவிறக்கி நம் கணினியில் வைத்துக்கொள்ளலாம். ஆலன் மூரின் ஃபியூச்சர் ஷாக்ஸ் அனைத்தும் ஒரே தொகுதியாகவும், மற்றவர்களுடையவற்றில் சிறந்தவை தனித் தொகுதியாகவும் கிடைக்கின்றன. மாதச் சந்தாச் சேவையை நம்பிப் பணம் கட்டுவதற்கு முன், நமக்கு வேண்டிய இதழ் இந்தியாவிலிருந்து திறக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது.

வெளிநாட்டிலிருந்து நான் வரவழைத்த ஒரு கெட்டி அட்டைத் தொகுதி, மெல்லிய அட்டையில் சுற்றப்பட்டு, நான்கு முனைகளும் நசுங்கி வந்து சேர்ந்தது. திருப்பி அனுப்பும் செலவு புத்தக விலையை நெருங்கியதால், நசுங்கிய முனைகளோடே அது என் அலமாரியில் இருக்கிறது. கனமான புத்தகத்துக்குக் கட்டும் முறையைக் கேட்டுத் தெரிந்துகொண்டே இப்போதெல்லாம் பணம் அனுப்புகிறேன்.

பணமல்லாத செலவொன்றும் உண்டு. எந்தப் பதிப்பும் அதை அச்சிடுவதில்லை. இ.சி. இதழ் ஒன்று இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தது. ஃபியூச்சர் ஷாக்ஸ் வந்தால் வாரத்துக்கு ஒன்று. அந்த இடைவெளிக்காக எழுதப்பட்ட கதைகளை ஒரே ஞாயிற்றுக்கிழமையில் இருபத்து நான்கு படித்தால், ஏழாவது கதையிலிருந்து கடைசிக் கட்டத்தை நாமே சொல்லத் தொடங்கிவிடுவோம். நல்ல கதைகளும் அந்தக் கூட்டத்தில் அடிபட்டுப்போகும். நாளுக்கு ஒன்று, அதிகம் போனால் இரண்டு.

யாருக்கு எது

சொற்களை ரசித்து, மெதுவாகப் படித்து, மனத்தில் ஏதாவது தங்க வேண்டும் என்று நினைப்பவர் இ.சி.க்குப் போகலாம். வீட்டில் பிள்ளை இருந்து, இருவரும் சேர்ந்து சிரிக்கவும் புதிர் போடவும் விரும்பினால் டி.சி. பேருந்தில், மதிய உணவு இடைவேளையில், பத்து நிமிடத் துண்டுகளாக மட்டுமே படிக்க நேரம் கிடைப்பவருக்கும், கதை எழுதிப் பழகுபவருக்கும் 2000 ஏடி. நான்கு பக்கத்தில் எதையெல்லாம் விட்டுவிடலாம் என்பதைக் கற்றுக்கொள்ள அதைவிடப் பொருத்தமான பாடநூல் இந்த மூன்றில் இல்லை. செலவு மட்டுமே கவலை என்றாலும் அதன் மின்பதிப்பே போதும்.

எந்த நிபந்தனையும் சொல்லாமல், ஒரே ஒரு புத்தகம் என்று கேட்பவருக்கு என் விடை இ.சி. அதிலும் 'வியர்டு ஃபேண்டஸி' மூன்றாம் தொகுதி. 1952–53-இல் வந்த 13 முதல் 18 வரையிலான ஆறு இதழ்கள் அதில் அடங்குகின்றன. 'ஹோம் டு ஸ்டே', தானியங்கி வீடு, டார்ல்டன் தலைக்கவசத்தைக் கழற்றும் அந்தக் கட்டம் ஆகிய மூன்றும் அந்த ஒரே அட்டைக்குள் இருக்கின்றன. முதல் தொகுதியை விட்டுவிட்டு மூன்றிலிருந்து தொடங்குவதா என்று தயங்க வேண்டியதில்லை. ஒரு கதைக்கும் அடுத்த கதைக்கும் இங்கே தொடர்பே கிடையாது.